வெடியுப்பு நாட்டில் ஒரு வாயுவின் பெருமை

கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றையும் என்ன அளவில் சேர்ப்பது என்று சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடியுப்பில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் மனித உடலுக்குள் வேறொரு வடிவில் வாயுவாக இணைந்து உயிர் காக்கின்றன. அந்த வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. விழாக் குழுவினர் இம்மலருக்கு மருத்துவக் கட்டுரை கேட்டபோது, இம்மண்ணுக்கு இதைவிட உறவான பொருள் வேறு இல்லை என்று தோன்றியது.

1867-இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் அதே பொருளை நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். கடைசிக் காலத்தில் நோபலுக்கே மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள்! அது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டே வேலை செய்கிறது என்று 1977-இல் ஆய்வாளர் முராத் காட்டினார். இரத்தக்குழாயின் உள்ளுறைதான் குழாயைத் தளர்த்தும் பொருளைச் சுரக்கிறது என்று 1980-இல் ஆய்வாளர் ஃபர்ச்காட் கண்டார். ஆய்வாளர் இக்னாரோவையும் சேர்த்து மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு.

வளி முதலான மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று மருந்து அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவப் பெருந்தகை. இந்த வாயுவுக்கும் அந்த நியதி பொருந்துவது வியப்பு. உள்ளுறையில் சுரப்பது குழாயை விரித்து, தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. பக்கவாதத்தின்போது நரம்பணுக்களில் அளவுமீறிச் சுரப்பதோ நஞ்சாகிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைக் கண்டார்கள். நரம்பணுக்களில் இவ்வாயுவை உருவாக்கும் நொதி இல்லாதவற்றுக்கு மூளைச்சேதம் குறைவு (1994). உள்ளுறையில் அதை உருவாக்கும் நொதி இல்லாதவற்றுக்கு அதிகம் (1996).

அப்படியானால் வாயுவை வெளியிலிருந்து கொடுத்தால் போதுமா? நைட்ரோகிளிசரின் ஒட்டுப்பட்டையை 4,011 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. இரத்த அழுத்தம் இறங்கியது, ஊனம் குறையவில்லை. ஆம்புலன்சிலேயே பட்டை ஒட்டிப் பார்த்த 2019 ஆய்விலும் பலனில்லை. ஆகவே வாய் கோணியவரின் நாக்கடியில் நெஞ்சுவலி மாத்திரையை வைக்காதீர்கள்.

உள்ளுறையைக் கெடுப்பவை உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை. ஆலைக்குப் போகும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, பிரஷர் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். கை துவண்டாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லையென்று உறுதியாக வேண்டும். முதல் அறிகுறி தெரிந்தது எத்தனை மணிக்கு என்பதை உடன் வருபவர் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லவேண்டும்.