ஜிம் மோரிஸ் என்ற அறிவியல் வாத்தியார்

கிரிக்கெட் பற்றி நிறைய எழுதியாயிற்று. இன்று பேஸ்பால். பயப்பட வேண்டாம், விதிகளுக்குள் போகமாட்டேன்.

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரிகளில் நன்றாக ஆடும் பிள்ளைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். ஏலம் போல அல்ல. எந்த அணி பெயர் சொல்கிறதோ அந்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச வேண்டும். தேர்வானவுடன் பெரிய மைதானமும் கிடைக்காது. மைனர் லீக் என்ற ஏணி இருக்கிறது: சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. குறைந்த சம்பளம், ராத்திரி முழுக்கப் பேருந்துப் பயணம். பெரும்பாலோர் ஏணியிலேயே நின்றுவிடுவார்கள்.

டெக்சாஸ் மாநிலத்துக்காரர் ஜிம் மோரிஸ், இடதுகைப் பந்துவீச்சாளர். 1983 ஜனவரித் தேர்வில் மில்வாக்கி புரூவர்ஸ் அணி அவரை நான்காவது ஆளாக எடுத்தது. அவ்வளவு நம்பிக்கை! ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. காயம், அறுவைச் சிகிச்சை, மறுபடி காயம். 1989-இல் வேறொரு அணியின் கிளையில் முயன்றும் சிங்கிள் ஏ-வைத் தாண்டவில்லை. கல்லூரிக்குப் போய்ப் படித்து, பிக் லேக் என்ற சிற்றூரில் அறிவியல் ஆசிரியராகவும் பேஸ்பால் பயிற்சியாளராகவும் ஆனார்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தோற்றுப் பழகிய அணி. கனவை விடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். "நீங்கள் மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். பயிற்சியில் அவர் வீசும் பந்தை அடிக்கமுடியாமல் திணறியவர்கள் அல்லவா, அவர்களுக்குத் தெரியும். பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுத்தரவில்லை. மோரிஸ் ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார். மாவட்டப் போட்டியில் பிள்ளைகள் வென்றால் அவர் தேர்வுக்குப் போகவேண்டும்.

பிள்ளைகள் வென்றார்கள்.

1999 ஜூன் மாதம், தம் சிறுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டாம்பா பே டெவில் ரேஸ் அணியின் தேர்வுக்குப் போனார். வயது 35. வேகமானி 98 மைல் காட்டியது, அதாவது மணிக்குச் சுமார் 158 கிலோமீட்டர். ஒருமுறை அல்ல, தொடர்ந்து 12 பந்துகள்! இளமையில்கூட அவர் இந்த வேகத்தில் வீசியதில்லை. மட்டையாளர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தொலைவில். பந்து தரையில் பட்டு எழும்புவதும் கிடையாது. கண்ணிமைக்க நேரமிருக்காது.

மூன்று மாதத்தில் டபுள் ஏ, டிரிபிள் ஏ இரண்டையும் தாண்டிவிட்டார். செப்டம்பர் 18 அன்று, சொந்த மாநிலத்தின் ஆர்லிங்டனில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராகக் களமிறங்கினார். முதலில் எதிர்கொண்ட ராய்ஸ் கிளேட்டனை நான்கே பந்துகளில் வெளியேற்றினார்.

2002-இல் வந்த 'தி ரூக்கி' படம் ஏறக்குறைய இந்த இடத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் குறைதான். அடுத்த வருடம் கைவலி திரும்பிவந்தது; 2000-ஆம் ஆண்டோடு பெரிய மைதானம் முடிந்தது. மொத்தம் 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ். பெயரில் ஒரு வெற்றியும் இல்லை, ஒரு தோல்வியும் இல்லை.

பேரப்பிள்ளைகளோடு படத்தைப் பாருங்கள். தேர்வுக்குப் போகும் காட்சியைவிட, பிள்ளைகள் அவரை மடக்கும் காட்சியைக் கவனியுங்கள்.