பீலி நீரும் கான் நீரும்

ஒரு முறை பயன்பட்ட நீரை மீண்டும் பயன்படுத்துதல் இன்றைய நகரங்கள் கண்ட புதுமை எனக் கருதுவோர் உளர். ஈழத்து மலையகத் தோட்டங்களின் வரலாற்றை நோக்கின் இக்கருத்து பொருந்தாமை புலனாகும். அங்கே மீள்பயன்பாடு தொடக்கந்தொட்டே நிலவியது. நிலவாதது பாதுகாப்பு ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது மலையருவிகள் சாலைகளுக்குத் திருப்பப்பட்டன. சில்லைச் சுழற்றிய நீரே கோப்பிப் பழத்தின் தோலையும் சதையையும் கழுவிச் சென்றது. 1869இல் இலைநோய் தோன்றியபின் கோப்பி அழிந்து தேயிலை பரவிற்று. சரிவுகளில் லயங்கள் பெருகின. பீலியிற் பிடித்த நீர் குடிக்கவும் குளிக்கவும் உதவியபின் கான் வழியே கீழிறங்கி ஓடையிற் கலந்தது. மேல் லயத்தார் கழித்த நீரைக் கீழ் லயத்தார் மொள்ளும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இதன் விளைவை 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் வெளிப்படுத்தியது. சோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் அப்புழு காணப்பட்டது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணிற் பொரிக்கும். அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். பின் குடலிலிருந்து குருதியை உறிஞ்சிச் சோகையை விளைக்கும். மருந்தால் புழு நீங்கிற்று. மலசலகூடங்கள் போதாமையால் மீண்டும் தொற்றியது. மருந்தை வரவேற்ற தோட்டத்துரைமார் பலர், கூடங்கள் அமைக்கும் செலவுக்குத் தயங்கினர்.

பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதியும் இப்புழுவை மறக்கவில்லை. கழிவுநீர்ப் பாசனம் பற்றிய அதன் 1989ஆம் ஆண்டு வழிகாட்டி, பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் ஒரு லீற்றருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருத்தலாகாது என்றது. தொடர் குளங்களில் எட்டு முதல் பத்து நாள் தேங்கவிடின் முட்டைகள் அடியிற் படியும் என்பதும் அதிற் கூறப்பட்டது. மலசலகூடத்துக்கும் தோட்டப்பயிருக்கும் அத்தகைய நீர் உதவலாம். ஆயின் அதன் குழாய் குடிநீர்க் குழாயோடு எங்கும் இணைதல் ஆகாது.

இது மலையகத்தோடு முடியும் செய்தியன்று. டிக்கோயா, மஸ்கெலியா ஓடைகள் களனி கங்கையைச் சேர்கின்றன. கொழும்பு மாநகர் குடிப்பதும் அக்கங்கையின் நீரே. எனவே லயத்துக் கானைச் செம்மைசெய்தல் தொழிலாளர்க்கு அளிக்கும் சலுகையன்று. நாடு தனக்குத்தானே செய்துகொள்ளும் காப்பாகும். மருந்துக்கு இசைந்து கூடத்துக்குத் தயங்கிய 1916இன் பிழை மீண்டும் நிகழலாகாது.