சியாச்சின் சோனம் நிலை மீட்புப் பணி (2016)

சோனம் நிலை என்பது சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் சுமார் 19,600 அடி உயரத்தில் உள்ள இந்தியப் படைக்காவல் நிலையாகும். 2016 பிப்ரவரி 3 அன்று அதிகாலையில் பெரும் பனிச்சரிவு ஒன்று இதனைப் புதைத்தது. அப்போது அங்கிருந்த மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரும் பனிக்கடியில் சிக்கினர்.

பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். அவர்களுள் சிப்பாய் ராமமூர்த்தியின் ஊர் குடிசாதனப்பள்ளி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர்ப் பகுதி, 2004 பிப்ரவரியில் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. மார்கழி மூடுபனிக்கு மேல் பனி என்பதையே அறியாத மண் அது.

பனியைத் தோண்டுவது என்றவுடன் மண்வாரியால் அள்ளித் தள்ளும் காட்சியே நம் மனதில் தோன்றும். சமவெளியில் பெய்யும் புதுப்பனிக்கு அது பொருந்தும். சரிந்து வந்த பனியின் தன்மை வேறு. உருண்டு வரும்போது துகள்கள் நொறுங்கி நெருக்கமாக அடைகின்றன. ஓட்டம் நின்றவுடன் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. சோனத்தில் விழுந்ததோ பெரும்பாலும் பனிக்கட்டிப் பாறைகள், கான்கிரீட் போன்றவை. ஆகவே பாறைத் துளைப்பான்களும் மின்ரம்பங்களும் ஹெலிகாப்டரில் கொண்டு செல்லப்பட்டன. அந்த உயரத்தில் ஹெலிகாப்டரால் சிறிதளவு எடையையே சுமக்க இயலும். மனிதருக்கும் அதே நிலைதான்: கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியே அங்கு கிடைக்கும். ஊடுருவு ரேடார்களும் மோப்ப நாய்களும் இடத்தைக் குறித்துத் தர, 150க்கும் மேற்பட்ட வீரர்கள் பகலும் இரவும் வெட்டினர்.

பனிச்சரிவில் முழுதும் புதைந்தவர் கால் மணி நேரத்திற்குள் வெளியே எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் மூச்சுத்திணறலால் அது வேகமாகச் சரிகிறது. இக்கணக்கின்படி பார்த்தால், உயிருடன் எவரும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று மறுநாளே இராணுவம் அறிவித்ததில் வியப்பில்லை. தோண்டுவது மட்டும் நிற்கவில்லை. உடல்களையாவது வீடு சேர்க்க வேண்டும் என்பது படையினரிடையே எழுதாச் சட்டம்.

ஆறாம் நாளான பிப்ரவரி 8 அன்று, சுமார் 25 அடி ஆழத்தில் கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். அவரைச் சுற்றிக் காற்றுத் தங்கிய சிறு வெற்றிடம் இருந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. மறுநாள் அவர் டெல்லி இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டார். நுரையீரல் அழற்சியும் சிறுநீரக, கல்லீரல் செயலிழப்பும் சேர்ந்து, பிப்ரவரி 11 அன்று அவர் காலமானார்.

எதிர்த்தரப்பும் இத்தகைய இழப்பைக் கண்டதுண்டு. 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் இருந்த பாகிஸ்தான் இராணுவ முகாம் புதையுண்டு 140 பேர் இறந்தனர். அங்கு உடல்களைத் தேடித் தோண்டும் வேலை ஓராண்டுக்கும் மேல் நீடித்தது. சோனத்தில் மற்ற ஒன்பது பேரின் உடல்களும் ஒரு வாரத்திற்குள் கிடைத்துவிட்டன. ஆனால் மோசமான வானிலை ஹெலிகாப்டர்களைத் தடுத்ததால், அவை டெல்லி வந்து சேர பிப்ரவரி 15 ஆயிற்று. அதன்பிறகே குடிசாதனப்பள்ளிக்கும் மற்ற ஊர்களுக்கும் பெட்டிகள் புறப்பட்டன.