தலைசிறந்த கிரிக்கெட் வீரர் யார்? பட்டியலும் வரலாறும்

ஒரு நாள் மாலை, பள்ளி முடிந்தபின் வேப்பமரத்தடியில் மாணவர் சிலர் உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். உலகில் இதுவரை தோன்றிய கிரிக்கெட் வீரர்களுள் முதலிடம் யாருக்கு உரியது என்பதே வழக்கு. ஒருவன் டெண்டுல்கர் என்றான். மற்றொருவன் பிராட்மன் என்றான். மூன்றாமவன் கோலியை விட்டுக்கொடுக்க மறுத்தான். என்னைக் கண்டதும், "ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர். அன்று நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஆயினும் வரலாறு பயிற்றுவிப்பவனாகிய என்னை அவ்வினா விடவில்லை. நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அம்மாணவர்க்குத் தர வேண்டிய விடையையே எழுதத் துணிந்தேன்.

முதலில் எண்கள் சொல்வதைக் கேட்போம். ஆஸ்திரேலியாவின் டொனால்டு பிராட்மன் 1928 முதல் 1948 வரை 52 டெஸ்ட் ஆட்டங்களில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார்; சராசரி 99.94. 1948-இல் ஓவல் ஆடுகளத்தில் தம் இறுதி இன்னிங்சில் நான்கே ஓட்டங்கள் எடுத்திருப்பின் சராசரி நூறாகியிருக்கும். ஓட்டம் ஏதுமின்றி ஆட்டமிழந்தார். நம் நாட்டின் டெண்டுல்கர் 1989 முதல் 2013 வரை 200 டெஸ்ட் ஆட்டங்களில் 15,921 ஓட்டங்களும் 51 சதங்களும் குவித்தார், சராசரி 53.78. மேற்கிந்தியத் தீவுகளின் கார்ஃபீல்டு சோபர்ஸ் 8,032 ஓட்டங்கள் எடுத்ததோடு 235 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த எண்ணை வேறெவரும் எட்டியதில்லை.

2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'விஸ்டன்' ஆண்டுமலர், நூறு வல்லுநர்களைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் ஐந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களைக் குறிக்கலாம். பிராட்மனுக்கு நூறு வாக்குகளும் கிடைத்தன; சோபர்ஸுக்கு 90. மூன்றாமிடம் பெற்ற ஜாக் ஹாப்ஸுக்குக் கிடைத்தவையோ 30 தாம். ஷேன் வார்ன் 27, விவியன் ரிச்சர்ட்ஸ் 25. இரண்டு பெயர்களைக் கடந்தால் வல்லுநர்க்குள்ளேயே உடன்பாடு இல்லை என்பது இதனால் விளங்கும். இது வியப்பன்று. பிராட்மன் ஆடிய 52 ஆட்டங்களுள் 37 இங்கிலாந்து ஒன்றையே எதிர்த்து ஆடியவை. டெண்டுல்கரோ பல நாட்டு ஆடுகளங்களில், பலவகைப் பந்துவீச்சை எதிர்த்து, இருபத்து நான்கு ஆண்டுகள் ஆடினார். ஒருவர் காலத்து அளவுகோலால் மற்றவர் காலத்தை அளப்பது எளிதன்று.

இவ்வளவும் விளையாட்டை அறிந்தோர் யாவரும் பேசுவதே. நான் கேட்க விழையும் வினா இதற்கும் அடியிலுள்ளது: பட்டியலில் இடம்பெறுவோர் யாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்? களத்திற்குள் விடப்பட்டவர்களிலிருந்து மட்டுமே. விடப்படாதவனுக்குச் சராசரி இல்லை. அரைகுறையாக விடப்பட்டவனுக்கு அரைகுறைக் கணக்கே உண்டு.

பல்வங்கர் பாலுவின் வரலாறு இதற்குச் சான்று. 1876-இல் தார்வாரில், தோல்தொழிலோடு பிணைக்கப்பட்ட, தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமூகத்தில் அவர் பிறந்தார். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில் ஆடுகளத்தைக் கூட்டிச் சமன்படுத்தும் வேலை. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் புனே சங்கத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சிக்காகப் பந்து வீசச் சொன்னார்கள். கிரெய்க் என்னும் ஆங்கில வீரருக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். இடக்கைச் சுழற்பந்தில் ஈடிணையற்றவரானார். ஆனால் மட்டையை எடுத்து ஆடிப் பார்க்க அவருக்கு அங்கு ஒருபோதும் வாய்ப்பளிக்கப்படவில்லை. உழைப்பான பந்துவீச்சு வேலைக்காரனுக்கு, இன்பமான மட்டையாட்டம் துரைக்கு என்பது அக்காலத்து வழக்கம்.

புனே இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பியபோது பாலுவின் கை தேவைப்பட்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மேல்சாதியினரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் பந்தலுக்கு வெளியே நின்று, எறிந்துவிடத்தக்க மண்குவளையில் தேநீர் அருந்தினார். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எங்கிருந்து வந்தது?

பின்னர் பம்பாயில் இந்து ஜிம்கானா அணியில் ஆடினார். 1906-இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. 1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதல்தர ஆட்டங்கள் முப்பத்து மூன்றில் அவருடைய கணக்கு 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. இத்தகையவர்க்கு இந்து அணியின் தலைமைப் பதவி கடைசிவரை அளிக்கப்படவில்லை. 1920-இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டு, தலைமையும் வேறொருவருக்குச் சென்றபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளிப்படையாக அறிக்கை விடுத்தனர். அதன் பயனாகப் பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவரானார். 1923-இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு நாற்கோணப் போட்டியில் இந்து அணி வாகை சூடியது. அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி பெற்றார். அது தானாகக் கனிந்த கனியன்று. கேட்டுப் பெற்ற உரிமை.

பாலு பொதுவாழ்விலும் ஈடுபட்டார். 1932-இல் புனே ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கர், நம் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலையே எதிர்த்து நின்று தோற்றார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அவருடைய பந்துவீச்சின் பெருமை அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

உலகப் பட்டியல்களில் பாலுவின் பெயர் ஏன் இல்லை? இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல்; அப்போது அவருக்கு வயது 56. டெஸ்ட் கணக்கில் அவர் இடம்பெறாததற்குக் காரணம் காலம். இதற்குச் சாதியைக் குறை கூறுவது நேர்மையாகாது. ஆனால் அவர் மட்டையாளராக எவ்வளவு வளர்ந்திருப்பார், தலைவராக எத்தனை வெற்றி ஈட்டியிருப்பார் என்பவற்றை நாம் அறிய முடியாமற் செய்தது சாதியே. களம் கூட்டும் வேலைகூடக் கிடைக்காத எத்தனை பாலுக்கள் இருந்தனர் என்பதை எந்த ஏடும் சொல்லாது.

இஃது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஜமைக்காவில் வளர்ந்த ஜார்ஜ் ஹெட்லி 22 டெஸ்ட் ஆட்டங்களில் 60.83 சராசரி பெற்றவர். கறுப்பினத்தவராகிய அவர் மேற்கிந்திய அணிக்குத் தலைமை தாங்கியது 1948-இல் ஒரே ஓர் ஆட்டத்தில். முழுத் தொடருக்கும் கறுப்பினத் தலைவர் ஒருவர் அமர்த்தப்பட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஃபிராங்க் வாரல். தென்னாப்பிரிக்காவின் பேசில் டொலிவெரா நிறத்தின் காரணமாகத் தாய்நாட்டுக்கு ஆட இயலாமல் இங்கிலாந்து சென்று, முப்பது வயதைக் கடந்தபின் 1966-இல்தான் டெஸ்ட் களம் கண்டார். அவருடைய இளமையின் ஓட்டங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே, என் விடை இதுதான். எழுதப்பட்ட கணக்கின்படி மட்டையாட்டத்தில் முதலிடம் பிராட்மனுக்கே, அதை மறுப்பதற்கில்லை. பாலுவே உலகில் முதல்வர் என்று நான் சாதிக்கவும் மாட்டேன். சான்றின்றிப் புகழ்வது வரலாறாகாது. ஆயினும் எந்தத் தரவரிசையைக் கண்டாலும், 'இதில் யார் முதல்?' என்று கேட்டவுடன், 'இதற்குள் வர யாருக்கு வழி இருந்தது?' என்றும் கேளுங்கள்.

என் பாட்டனார் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டே எழுத்தறிந்தவர். அப்பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் தேர்வில் தோற்றதில்லை. தேர்வுக்கு அழைக்கப்பட்டதே இல்லை. அவருடைய பேரன் இன்று ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஆண்டுதோறும் தேர்ச்சிப் பட்டியலில் கையொப்பமிடுகிறேன். ஒவ்வொரு முறையும், இப்பட்டியலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை எவன் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்த பின்னரே பேனாவை எடுக்கிறேன். நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளும் செய்துவந்த பணி, அத்தகைய பிள்ளையைத் தேடிச் சென்று உள்ளே அழைத்து வருவதே. வருகின்ற இருபத்தைந்து ஆண்டுகளும் அப்பணி இளைஞராகிய உங்கள் கையில் இருக்கிறது.