குப்பன் என்னும் பெயர்

குப்பன், பிச்சை, தவிட்டான் என்னும் பெயர்களைக் கேட்போர், பெற்றோர் பிள்ளையை இகழ்ந்தனரோ என ஐயுறுவர். உண்மை இதற்கு மறுதலையாகும்.

முன்பிறந்த மக்களைத் தொடர்ந்து இழந்த தமிழகத்துத் தாய், புதிதாய்ப் பிறந்த மகவைக் குப்பைமேட்டிற் கிடத்தி எடுத்தாள்; அல்லது அயலாளிடம் கொடுத்துத் தவிட்டை விலையாக ஈந்து மீட்டாள். எவரும் வேண்டாத பொருளைக் கூற்றுவனும் வேண்டான் என்பதே அவள் நம்பிக்கை.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோர் இப்பெயர்களையும் உடன்கொணர்ந்தனர். மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935 இல், இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அக்காலத் தாயரின் அச்சம் வீணானதன்று.

எனினும், அன்பு மறைந்து நிற்கவில்லை. குப்பனைக் குப்புசாமியாகவும் பிச்சையைப் பிச்சைமுத்துவாகவும் உயர்த்தியது. இப்பெயர் பூண்டோர் நகைப்புக்குரியரல்லர். கூற்றுவனிடமிருந்து ஒளித்து வளர்க்கப்பெற்ற செல்வங்கள்.