மூளைக்குள் கிளிப் வந்த கதை

ரத்தம் பீறிட்டால் குழாயைப் பிடித்து நூலால் கட்டுவது அறுவை மருத்துவத்தின் பழைய வித்தை. கையிலும் காலிலும் பலித்த அந்த வித்தை மூளைக்குள் பலிக்கவில்லை. அங்கே குழாய்கள் மெல்லியவை, ஆழத்தில் கிடப்பவை. முடிச்சுப் போட விரல் நுழையாது. மூளையில் வளர்ந்த கட்டியை முழுதாக எடுப்பதற்குள் ரத்தப்போக்கே ஆளைக் கொண்டுபோய்விடும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹார்வி குஷிங் இதற்கொரு வழி கண்டார். சிறு வெள்ளிக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, இடுக்கியில் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் குழாயின் மேல் வைத்து நெரித்தார். நூலும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். அதுதான் கிளிப். 1911இல் அவர் இதை வெளியிட்டபோது பேசியது மூளைக் கட்டி அறுவையைப் பற்றி மட்டுமே.

அனியூரிசம் வேறு வகை ஆபத்து. தேய்ந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல, ரத்தக்குழாயின் சுவர் பலவீனமான இடத்தில் பை போல வீங்கும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் ஆஞ்சியோகிராம் முறையைக் கொண்டுவந்த பிறகு மூளையின் குழாய்களை எக்ஸ்ரேயில் காண முடிந்தது. 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், நோயாளியின் தொடையிலிருந்து தசைத் துண்டை எடுத்து அனியூரிசத்தின் மேல் பொதிந்தார். நோயாளி பிழைத்தார். ஆனால் பை அங்கேயேதான் இருந்தது.

1937 மார்ச் 23. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டான்டி, ஒரு நோயாளியின் அனியூரிசத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டார். பைக்குள் போகும் வழி அடைபட்டது. தாய்க்குழாயில் ரத்தம் வழக்கம்போல ஓடியது. நோயாளி நலமடைந்தார். டான்டி ஒரு காலத்தில் குஷிங்கிடம் வேலை பழகியவர். பின்னர் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் குருவின் கருவிதான் கைகொடுத்தது.

வெள்ளிக் கிளிப்புக்கு ஒரு குறை: நெரித்தால் நெரித்ததுதான். பக்கத்துச் சிறு குழாய் சிக்கிக்கொண்டால் பக்கவாதம் வரலாம். அதனால் திறந்து மூடக்கூடிய ஸ்பிரிங் கிளிப்புகள் வந்தன. 1969இல் கனடாவின் சார்ல்ஸ் டிரேக், நடுவில் துளையுள்ள கிளிப்பைக் கொண்டுவந்தார். நல்ல குழாய் அந்தத் துளை வழியே போகும். சூரிக்கில் அறுவை மருத்துவர் யாசர்கில் வளர்த்தெடுத்த மைக்ராஸ்கோப் அறுவை முறையால் கிளிப்பை நுட்பமாகப் பொருத்த முடிந்தது.

1990இல் மருத்துவர் குலியெல்மியின் பிளாட்டினம் காயில், அதாவது மெல்லிய கம்பிச் சுருள், வந்தது. தொடைக்குழாய் வழியாகவே பையை அடைக்கலாம், மண்டையைத் திறக்க வேண்டாம். இன்று பலருக்கு அதுவே போதும். ஆனால் பையின் வடிவத்தையும் இடத்தையும் பொறுத்துக் கிளிப்பே நல்லதென்று முடிவெடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது போடும் டைட்டானியம் கிளிப்புகள் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் தடையில்லை. பழைய இரும்புக் கலவைக் கிளிப்புகள் சில, காந்த இழுப்பில் நகர்ந்துவிடக்கூடும். உங்கள் வீட்டில் யாருக்காவது மூளையில் கிளிப் இருந்தால் அறுவைக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் அதைக் காட்டுங்கள்.