எலும்புக்குள் ஓர் உயிரூற்று

உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று கூடி, தசையும் தோலும் பெற்று, உயிர்மூச்சு புகுந்து எழுந்து நின்ற காட்சியை இறைவாக்கினர் எசேக்கியேல் கண்டார். நாடிழந்து பாபிலோனில் வாடிய மக்களுக்கு அது ஆறுதலின் காட்சி. எலும்பின் உள்ளே உண்மையாகவே ஓர் உயிரூற்று இருப்பதை மருத்துவம் தெளிவாக அறிந்துகொள்ள இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அறிவு வளர்ந்த வரலாறு ஒரு பேரழிவோடு தொடர்புடையது.

1945 ஆகஸ்டு மாதம் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. வெளிக்காயம் ஏதுமின்றித் தப்பியவர்களுள்ளும் பலர் சில வாரங்களில் குருதி கசிந்தும் நோய்த்தொற்றுக்கு ஆளாகியும் மாண்டனர். கதிர்வீச்சு அவர்களது எலும்பு மஜ்ஜையை அழித்திருந்தது. சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஆகிய அனைத்தும் மஜ்ஜையிலேயே பிறக்கின்றன. ஊற்று வற்றியதும் உடல் வாடியது.

அழிந்த மஜ்ஜைக்கு ஈடாகப் பிறரது மஜ்ஜையைச் செலுத்திப் பிழைக்க வைக்க இயலுமா என்ற வினா அறிஞர்கள் உள்ளத்தில் எழுந்தது. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், ஆறு நோயாளிகளிடம் செய்த முயற்சியை 1957-இல் வெளியிட்டார். அவர்களுள் எவரும் நூறு நாள் கடந்து வாழவில்லை.

மறு ஆண்டு அக்டோபரில், அன்றைய யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் நேர்ந்த விபத்தில் அறுவர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர் ஜார்ஜ் மாத்தே அவர்களுள் ஐவருக்கு மஜ்ஜை செலுத்தினார். அதை ஈந்தவர்கள் பிரெஞ்சு மக்கள். முன்பின் அறியாத அந்நிய நாட்டினருக்காக அவர்கள் தங்கள் எலும்பில் ஊசி ஏற்றிக்கொள்ள முன்வந்தனர். ஐவருள் ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தனர். ஈந்த மஜ்ஜை அவர்கள் உடலில் நிலைத்து நிற்கவில்லை. அவர்களது சொந்த மஜ்ஜையே நாளடைவில் மீண்டெழுந்தது. ஆயினும் அந்த ஈகை மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது.

மஜ்ஜையில் இவ்வாற்றல் எந்த அணுவுக்குரியது? கனடா நாட்டின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டனர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தியபோது, அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றுவதை அவர்கள் 1961-இல் அறிவித்தனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவிலிருந்து முளைத்தது என்பது 1963-இல் உறுதியாயிற்று. தன்னைப் போன்றதையும் பிறப்பித்து, பலவகை அணுக்களையும் பிறப்பிக்கும் இவ்வணுவே ஸ்டெம் செல். தமிழில் அதனைக் குருத்தணு என்பர்.

1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நோய் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அதன் தமக்கையின் மஜ்ஜை செலுத்தப்பட்டது, குழந்தை பிழைத்தது. தோல்வியால் தளராத தாமஸ், 1990-இல் நோபல் பரிசு பெற்றார். 1988-இல் பாரிசில் எலியான் குளுக்மான், கொடிய இரத்தச்சோகை கொண்ட ஒரு சிறுவனுக்கு, புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்திக் குணமளித்தார். வேண்டாமென்று எறியப்படும் கொடியே ஓர் உயிரைக் காத்தது! கண்ணின் கருவிழி ஓரத்திலும் தோலிலும் இத்தகைய அணுக்கள் உள்ளன. அவற்றை வளர்த்துத் தீக்காயங்களையும் பார்வையிழப்பையும் ஆற்றுகின்றனர்.

1998-இல் பாதை பிரிந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன், சில நாள் வயதுடைய மனித முளைக்கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்லவை அவை. ஆனால் அவற்றை எடுக்கும்போது முளைக்கரு அழிகிறது. இங்கே திருச்சபை நின்று கேட்டது: ஒருவரது நோய் தீர மற்றோர் உயிரை அழிக்கலாமா? 2000-ஆம் ஆண்டு உரோமையில் நடந்த உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில், வளர்ந்தோர் உடலின் அணுக்களையே நாடுமாறு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுட்டிக்காட்டினார். அறிவியலுக்குத் தடைபோடுவதாகப் பலர் குறைகூறினர்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷின்யா யமனாக்கா வேறொரு வழி தேடிக்கொண்டிருந்தார். நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு முளைக்கருவைக் கண்டபோது, தம் பெண் குழந்தைகள் நினைவுக்கு வந்ததாக அவர் பின்னாளில் கூறினார். 2006-இல் எலியின் தோலணுவில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, அதனைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2007-இல் மனிதத் தோலணுவிலும் அது கைகூடியது. அதே வாரத்தில் அவ்வாறே சாதித்ததாக அறிவித்த மற்றொருவர், 1998-இன் அதே தாம்சன்! யமனாக்கா 2012-இல் நோபல் பரிசு பெற்றார்.

இதை நமது வெற்றியாக முழங்குவது முறையன்று. முளைக்கரு ஆய்வில் கிடைத்த அறிவும் யமனாக்காவுக்கு உதவியது என்பது உண்மை. ஆயினும், மனச்சான்றின் தயக்கம் அறிவுக்குப் பகையன்று. அது புதிய கதவையும் தட்டச் செய்யும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட அறிவுறுத்தலும், வளர்ந்தோர் உடலிலிருந்தும் பிறப்பின்போது தொப்புள்கொடியிலிருந்தும் அணுக்களைப் பெறுவதை ஏற்கிறது.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. குருத்தணுவின் பெயரால் எந்நோயையும் தீர்ப்பதாகக் கூறிப் பெரும்பொருள் பறிப்போர் உண்டு. குருதி தொடர்பான நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஏனையவற்றை முறையான ஆய்வுக்கு வெளியே அளிப்பது நெறியன்று என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் அறிவித்தது. பிள்ளையின் எதிர்காலத்துக்கெனக் கட்டணம் செலுத்தித் தொப்புள்கொடிக் குருதியைச் சேமிப்பதற்கும் அறிவியல் ஆதாரமில்லை என்றது. ஏழைப் பெற்றோரின் கண்ணீர் யாருக்கும் வணிகப் பொருளாகக் கூடாது.

மஜ்ஜை ஈந்தவருக்கு அது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடுகிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பர் நம் முன்னோர். தன்னிலிருந்து மனமுவந்து ஈவது வேறு. பேச வாயற்ற ஓர் உயிரிடமிருந்து எடுத்துக்கொள்வது வேறு. குணமாக்கும் கலையின் நெடிய வரலாற்றில் இவ்வேறுபாட்டை மறவாதிருப்பதே நமது கடமை. எலும்புக்குள் ஊற்றை வைத்தவர், அதனைப் பகிர்ந்துகொள்ளும் உள்ளத்தையும் நமக்குள் வைத்திருக்கிறார்.